சிவப்பு நூல் ஏணி

என் அன்பு வாலுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் இரண்டு வாஷிங் மெஷினும் நலம், மூன்றாவது மெஷின்தான் இரண்டு நாளாக உறுமிக்கொண்டிருக்கிறது. உன் நலத்தைப் பற்றி நீ எழுதுவதில் பாதியைத்தான் நம்புவேன், வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் பலகை எழுதும் வேலை உன் ஆபீஸுக்கு வந்திருக்கிறது, குறி, சின்னம், அடையாளம், அறிகுறி எல்லாம் ஒன்றுதானே, எதை எங்கே போடுவது என்று கேட்டிருந்தாய். இத்தனை படித்துவிட்டு சலவைக் கடைக்காரியிடம் வந்து கேட்கிறாயே. சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். நம் கடைத் துணியில் காலருக்கு உள்ளே சிவப்பு நூலால் போடுகிறோமே அது குறி, இன்ன வீட்டுத் துணி என்று நமக்குத் தெரிந்தால் போதும். வாசலில் மாட்டியிருக்கும் இஸ்திரிப் பெட்டிப் படம் சின்னம், அது தெருவுக்கே தெரிய வேண்டும். பேங்க் மேனேஜர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மைக்கறை இருக்குமே, அது அவருக்கு அடையாளம், பார்த்ததும் ஆள் தெரிந்துவிடும். அறிகுறியை யாரும் தைப்பதும் இல்லை, மாட்டுவதும் இல்லை, காய்ச்சலுக்கு முன்னால் வரும் உடம்புவலி மாதிரி மறைத்தாலும் தானாக வெளியே வரும்.

கடைசி வரியில் பொடி எழுத்தில் இன்னொன்று கேட்டிருந்தாய், அப்பாவின் கோபம் தணிந்ததற்கு ஏதாவது அறிகுறி தெரிகிறதா, தெரிந்தால்தான் லீவுக்கு டிக்கெட் எடுப்பேன் என்று. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. சொல்லாமல் கொள்ளாமல் அந்த வெளியூர் வேலைக்கு ஒப்புக்கொண்டு பெட்டி கட்டிய பிறகு நீ வாயைத் திறந்தாய், அவரும் இரண்டு வருஷமாக உன்னோடு ஃபோனில் பேசாமல் முறுக்கிக்கொண்டு நிற்கிறார். நீ கிளம்பிய அன்று, "அவ குறிய வேற யாருக்காவது கொடுத்துடு" என்று கத்தினாரே, உன் காதிலும் விழுந்திருக்கும். உன் பள்ளிக்கூடச் சட்டை ஒருமுறை யார் வீட்டு மூட்டையிலோ போய்விட்டது, எனக்கும் ஒரு குறி வேண்டும் என்று நீ அழுது, நேராக இரண்டு கோடு குறுக்கே மூன்று கோடு என்று நீயே வரைந்த ஏணி அது.

போன வாரம் புதிதாக ஒரு பல் டாக்டர் அம்மா பதினொரு வெள்ளைக் கோட்டு கொண்டுவந்தார். குறி நோட்டைப் புரட்டினேன், ஏணி சும்மாதானே கிடக்கிறது, அப்பாவே சொன்னதுதானே என்று பதினொன்றிலும் அதையே போட்டுவிட்டேன். உள்நோக்கம் எதுவும் இல்லை, இருந்தாலும் கொஞ்சம்தான். சாயங்காலம் அப்பா மடிக்க உட்கார்ந்தவர் முதல் காலரைத் திருப்பியதும் கை அப்படியே நின்றுவிட்டது. "யாரு போட்டது?" என்றார், நான்தான், நீங்க சொன்னதுதானே என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தையலாகப் பிரித்தார், காபியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் இஸ்திரிக்காரர் சும்மா இருப்பாரா, "என்னண்ணே, குறிக்கு அவ்ளோ பஞ்சமா?" என்று வாயைக் கொடுத்தார், "அது ஆள் இருக்கிற குறிய்யா, வேலையப் பாரு" என்று அப்பா அவர்மேல் எரிந்து விழுந்தார். பிறகு பதினொரு கோட்டிலும் குடைக் குறி போட்டுக் கொடுத்தார். பல்லுக்கும் குடைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை, துணி மூட்டைக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

இதைவிடப் பெரிய அறிகுறி உனக்கு வேண்டுமா என்ன. அவராக ஃபோனை எடுப்பார் என்று காத்திருக்காதே. வந்தால் முதலில் முறைப்பார், பதிலுக்கு நீ முறைக்காதே, அந்த முறைப்பே அவரிடமிருந்து உனக்கு வந்ததுதான். உன் பேரிலும் தப்பு இருக்கிறது, முன்பே சொல்லியிருக்க வேண்டும், அதை அவரிடம் நேரில் சொல்லிவிடு.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நன்றாக இரு கண்ணே. இந்த மாதத்துக்குள் டிக்கெட் எடுக்க மறந்துவிடாதே. இதோடு ஒரு புதுத் துண்டு அனுப்புகிறேன், வெறும் துண்டாகத்தான் மேசையில் வைத்திருந்தேன், காலையில் பார்த்தால் மூலையில் சிவப்பு நூலில் ஏணி ஏறியிருக்கிறது, தையல் கோணல், அவருக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டும். கடிதத்தின் அடியில் நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றதற்கு முடியவே முடியாது என்றுவிட்டார். அதனால் என் கையெழுத்து இங்கே, அவருடையது துண்டில்.

உன் அம்மா