எஞ்சினைப் பிரித்த அன்று

இன்று காலை வண்டியின் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உங்கள் பழைய பனியன் துணியில் துடைத்தேன். எத்தனை முறை துவைத்தாலும் அந்தத் துணியில் கருகிய ஆயில் வாசனை போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் விரல்களில் இருந்த வாசனை. நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள் என்று நான் சொல்லாத ஞாயிறு இல்லை.

எஞ்சினைப் பிரித்துவிட்டேன். உங்களிடம் கேட்காமல் செய்த பெரிய காரியம் இது ஒன்றுதான்.

நீங்கள் இருந்தபோதே அது புகைவிட ஆரம்பித்துவிட்டது. ஆயிலையும் குடித்துத் தீர்த்தது. நீங்கள் டிக்கியில் ஓர் ஆயில் டப்பா வைத்துக்கொண்டீர்கள். புகை யார் கண்ணிலும் படக் கூடாதென்று, வண்டியின் பின்புறம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்தினீர்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. வெள்ளையடிக்க வந்தவர்களை அங்கே மட்டும் இரண்டு பூச்சு பூசச் சொல்லி, பக்கத்திலேயே நின்றீர்கள். எஞ்சினைப் பிரித்து, தேய்ந்துபோன பிஸ்டன் ரிங்கை மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் பாபு சொன்னபோதெல்லாம் உங்கள் பதில் ஒன்றுதான்.

"ஓடிட்டிருக்கிறதை எதுக்குப் பிரிக்கணும்?"

அதே வாக்கியத்தை அதே குரலில் இருதய டாக்டரிடமும் சொன்னீர்கள். நெஞ்சைத் திறந்து சரிசெய்துவிடலாம் என்றார் அவர். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். முகப்பேரில் நம் வீடு வந்து சேரும்வரை நான் வாதாடினேன். நீங்கள் பதில் சொல்லாமல் கியர் மாற்றிக்கொண்டே வந்தீர்கள்.

நீங்கள் போன பிறகும் அந்த வழக்கை நான் மூடவில்லை. அன்றைக்கே திறந்திருந்தால் இன்று இருந்திருப்பீர்கள் என்பது என் கட்சி. மறுத்துப் பேச எதிரில் ஆள் இல்லை என்பதால் அது நாளுக்கு நாள் வலுத்தது.

போன மாதம் கீழ்வீட்டுப் பெண் மேலே வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, கணினி வேலை. இடுப்பில் குழந்தை. "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வண்டி எடுத்தா புகை வீட்டுக்குள்ள வருதுங்க. பாப்பாக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது" என்றாள். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. மறுநாளே வானகரத்தில் பாபுவின் பட்டறைக்கு நானே ஓட்டிப் போனேன்.

எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் பாபு. பிரியுங்கள் என்றேன். கழற்றிய நட்டுகளைச் செய்தித்தாளில் வரிசையாக வைக்கச் சொல்லி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் வேறெப்படி இருப்பேன்?

"இன்னாம்மா, நட்டுக்கெல்லாம் பிரேயர் வெக்கிறீங்களா? சார் இருந்தா இந்நேரம் டீ வந்துருக்கும்" என்றார். டீ வரவழைத்தேன்.

பிஸ்டனை வெளியே எடுத்ததும் சிலிண்டரின் உள்சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய இடத்தில் விரலுக்குக் கீறல் கீறலாகத் தட்டுப்பட்டது. இத்தனை வருடம் மனதில் வைத்திருந்த கேள்வியை அவரிடம் கேட்டேன். முதலிலேயே பிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா?

அவர் வண்டியைத்தான் நினைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அத்த எப்டிம்மா சொல்றது? நல்லாவும் ஆயிருக்கும். பிரிச்சதோட நின்னும் போயிருக்கும். ரெண்டையும் பாத்துக்கீறேன். சார் ஓட்டிகினு இருந்தாரு. அது மட்டும்தான் தெரியும்."

ஆமாம், ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். டாக்டரைப் பார்த்த பிறகும் சனிக்கிழமைகளில் பூந்தமல்லிக்குக் காய்கறி வாங்கப் போனோம். நேர்வழி இருக்க, ஆவடி ஏரியைச் சுற்றித் திரும்பினோம். பெட்ரோல் வீண் என்று நான் சொல்வேன். இந்தக் காற்றுக்காகத்தான் என்பீர்கள். என் வழக்கில் அந்தச் சனிக்கிழமைகளை நான் ஒருமுறைகூடக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

சிலிண்டரைக் கடைந்து, புது ரிங் போட்டு, வண்டி வந்துவிட்டது. புகை இல்லை. பின்புறம் எல்லோருக்கும் தெரியும்படி இப்போது திருப்பி நிறுத்துகிறேன். கீழ்வீட்டுப் பாப்பா மட்டும் இன்னும் இருமுகிறாள். அவள் அம்மா படியில் என்னைப் பார்த்தால் சங்கடப்படுகிறாள். பரவாயில்லை, எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் என்று சொல்லிவைத்தேன்.

குச்சியில் ஆயில் கோட்டிலேயே நிற்கிறது. ஊற்ற வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் டப்பாவை டிக்கியிலிருந்து எடுக்கவில்லை. வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஏரிப் பக்கம் திரும்பும்போது டப்பா உருளும் சத்தம் கேட்கும். உடனே வாதம் நாக்கு நுனிவரை வரும்.

நானும் பதில் சொல்லாமல் கியர் மாற்றுகிறேன்.