அப்பாவின் இடது இடுப்பு

அன்பு வாண்டுக்கு, அம்மா எழுதுவது.

நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, வேலையிடத்தில் யாரோடும் முறைத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். இதையேதான் ஏழு மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன், அப்போது அது பொய், இப்போதுதான் உண்மை, அதனால்தான் துணிந்து எழுத்தில் போடுகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். நீ முதல் வரியிலேயே அழ ஆரம்பிப்பாய், அப்பா போனைப் பிடுங்கி ஒண்ணுமில்லம்மா என்று முடித்துவிடுவார். நாள் முழுக்கத் தபால் ஆபீஸ் கவுண்டரில் அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறவள் நான், எனக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாதா என்ன. உட்கார்ந்துகொண்டு படி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா நன்றாக இருக்கிறார், சற்று முன்புகூடக் காபி ஆறிவிட்டது என்று என்னோடு சண்டை போட்டார்.

விஷயம் இதுதான், அப்பாவுக்கு இடது இடுப்பு மூட்டில் ஆபரேஷன் நடந்தது. இருபத்தாறு வருஷமாகத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டுகிற மனுஷன், இரண்டு வருஷமாகத் தொடை இடுக்கில் வலி இருந்தும் என்னிடம் மூச்சு விடவில்லை. சாக்ஸ் மாட்டும்போது முகம் கோணும், கேட்டால் வாயு என்பார். ஒரு சாயங்காலம் சித்தப்பாவின் வேனிலிருந்து இறங்கும்போது தன் காலைத் தானே இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார், மூட்டையை இறக்குகிற மாதிரி. அதற்கு மேல் நான் வாயுவை நம்பவில்லை, மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தொடை எலும்போட தலை உருண்டையா இருக்கணும், உங்களுக்கு ஓரத்துல ஒரு மேடு இருக்கு. நீங்க குனியும்போதும் குத்தவைக்கும்போதும் அது இடுப்புக் குழியோட விளிம்புல இடிக்குது. விளிம்பைச் சுத்தி வாஷர் மாதிரி இருக்கிற ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்றார். அதோடு விட்டாரா, இடுப்பின் பக்கவாட்டுத் தசை மெலிந்து அதில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றும் சொன்னார். வலிக்கிற காலுக்கு வேலை கொடுக்காமல் இரண்டு வருஷம் ஒதுக்கி ஒதுக்கி வைத்ததில் வந்த வினையாம். இவருக்குக் கொழுப்பு வாயில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன் டாக்டர் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். அப்பா என்னை முறைத்தார்.

மாத்திரையும் உடற்பயிற்சியுமாக மூன்று மாதம் பார்த்தோம், பயிற்சியில் பாதிதான் செய்தார், வலி முழுதாக இருந்தது. கடைசியில் ஆபரேஷன். பெரிதாக அறுக்கவெல்லாம் இல்லை, பொத்தான் அளவில் மூன்று துளை, அதில் ஒன்றில் கேமரா, மற்ற இரண்டில் கருவி. முதல் நாளே டாக்டர் அவரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார், "மேட்டை நான் செதுக்கிடுவேன், கிழிசலைத் தைச்சிடுவேன். உங்களை நேரா நடக்க வைக்கப்போறது அந்தப் பக்கத்துத் தசை. அதை நான் தைக்க முடியாது, நீங்கதான் வளர்க்கணும்." அப்பா பெரிய மனுஷன்போல் தலையாட்டினார். அந்த வாரம்தான் நீ புது வேலையில் சேர்ந்திருந்தாய், லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று சொல்லியிருந்தாய், அதனால் உன்னிடம் மறைத்தோம். வீடியோவில் அப்பா இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்ததற்கு அதுதான் காரணம். சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோலை நீ ஒருநாள் பார்த்துவிட்டு என்னப்பா அது என்றாய், அவர் கூசாமல் ஒட்டடைக் கம்பு என்றார். நீயும் நம்பினாய். நம் வீட்டில் ஒட்டடை அடிப்பார்கள் என்று எப்படி நம்பினாய் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

பிறகு பிசியோதெரபி. நெட்டையாக ஒரு பெண், சிரிக்கவே மாட்டார், அப்பா அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தார். ஒருக்களித்துப் படுத்து மேல் காலை மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்த வேண்டும், முழங்கால்களைச் சுற்றி ரப்பர் பட்டை மாட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் சிமெண்ட் மூட்டையைத் தோளில் போட்டு மாடி ஏறின மனுஷனுக்குத் தன் சொந்தக் காலை ஆறு முறை தூக்க முடியவில்லை, உடம்பு நடுங்கியது. அவமானம் தாங்காமல் வீட்டில் ஏமாற்ற ஆரம்பித்தார். டிவியைப் பார்த்தபடி ஒன்று, இரண்டு என்பார், விளம்பரம் வரும், நிகழ்ச்சி திரும்பி வந்தால் பதினாலில் இருப்பார். நான் சமையலறையிலிருந்து மூன்று என்று திருத்துவேன்.

ஆறாவது வாரம் ஊன்றுகோலை விட்டார், ஏழாவது வாரம் என்னையும் விட்டார். சித்தப்பா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, பாதியில் நின்றிருந்த ஒரு குளியலறை வேலைக்குப் போயிருக்கிறார். மத்தியானம் கவுண்டரில் எனக்குப் போன். அந்த வீட்டு அம்மா தயங்கித் தயங்கி, "உங்க வீட்டுக்காரர் எங்க பாத்ரூம்ல உட்கார்ந்தவர் எந்திரிக்க மாட்டேங்கிறாருங்க" என்றார். ஏதோ போராட்டம் நடத்துகிறாரோ என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் மூலையில் குத்தவைத்தபடி வியர்த்து உட்கார்ந்திருக்கிறார், கால் பூட்டிக்கொண்டது, அவருக்கும் கதவுக்கும் நடுவே அப்போதுதான் ஒட்டின தரை. நான் ஓடப் பார்த்தேன், அவர் கையை உயர்த்தி, "மேல கால் வைக்காத, இன்னும் காயல" என்றார். வாண்டு, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பலகை போட்டு, அந்த அம்மா ஒரு கை, நான் ஒரு கை என்று பிடித்துத் தூக்கினோம். சித்தப்பாவின் வேனை வரவழைத்து வீட்டுக்கு வரும்போது, வெளியே பார்த்தபடி, "இனிமே தரை வேலை செய்ய முடியாதோ" என்று மட்டும் கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நல்லவேளை, உள்ளே போட்ட தையல் பிரியவில்லை, டாக்டர் திட்டியது தனிக் கதை. இன்ஸ்பெக்டர் திட்டவில்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். இடது காலில் நின்றால் வலப்பக்க இடுப்பு இறங்குகிறது, நொண்டலுக்கு அதுதான் காரணம் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, "நான் நேராத்தான் நிக்கிறேன் மேடம்" என்று வாதாடினார். இவரை எனக்குத் தெரியாதா, மறுநாள் அவருடைய கருவிப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் போனேன், நடுவில் குமிழி ஓடுமே, அந்தக் கட்டை. இன்ஸ்பெக்டர் அவரை மறுபடி இடது காலில் நிற்கவைத்து, அதை இடுப்பின் முன்னால் இரண்டு எலும்பையும் தொட்டாற்போல் பிடித்தார். குமிழி ஒரே ஓட்டமாக இடது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது. ஒரு நூல் பிசகினாலும் ஒட்டின டைல்ஸைப் பெயர்த்து எறிகிற மனுஷன் குமிழியைக் குனிந்து பார்த்தார். பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்யணும்" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அந்த இன்ஸ்பெக்டர் சிரித்து நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் அவரே பாயை விரித்தார், டிவியை அணைத்துவிட்டு உரக்க எண்ணினார், எனக்குத்தான் நாடகம் பார்க்க முடியாமல் போனது. நாலாம் மாதம் நொண்டல் போயிற்று. போன வாரம் மறுபடி பரிசோதித்தார்கள், இடது தசையின் பலம் வலதை ஏறக்குறைய எட்டிவிட்டது என்றார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று உன்னிடம் இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் குத்தவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், சுவர் வேலையை எடுத்துக்கொள்கிறார், தரை என்றால் குட்டை முக்காலியில் உட்கார்ந்து அரை நாள், மீதியைக் கூட்டாளி பார்க்கிறார். அதிகம் நின்ற நாளில் கொஞ்சம் வலிக்கிறது, இப்போது வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்கிறார், அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை நீ பேச்சோடு பேச்சாக, காரிலிருந்து இறங்கும்போது தொடை இடுக்கில் சுருக்கென்கிறது, நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்வதால் இருக்கும் என்றாய். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா அப்படியே கையை நிறுத்திவிட்டார். நீ போனை வைத்த பிறகு, "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது, எல்லாத்தையும் அவளுக்கு எழுதிடு" என்றார். இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். சுருக்கென்றால் எல்லாம் இதுவாகவே இருக்க வேண்டியதில்லை, இதுவாகவே இருந்தாலும் பலருக்குத் தசையைப் பலப்படுத்தினாலே போதும், ஆபரேஷன் வரை போகாது, ஆனால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும் என்றார். அதனால் பயப்படாதே, சோம்பலும் படாதே. எங்கள் மேல் கோபம் வந்தால் திட்டிவிடு, ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திட்டு. எந்தத் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறாய் என்று இந்த வாரமே சொல்ல வேண்டும், மறந்தால் நான் தினமும் உன் அலுவலக நேரத்தில்தான் கூப்பிடுவேன்.

எந்தக் குறையும் அண்டாமல் நீ நடக்கிற வழியெல்லாம் உனக்கு லேசாக இருக்கட்டும். அப்பாவையும் இரண்டு வரி எழுதச் சொன்னேன், கையில் சிமெண்ட் என்று தப்பித்துக்கொண்டார். பிறகு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று இதைச் சேர்க்கச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அவ எலும்பு என்னை மாதிரி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். வலியை வெளியில சொல்லாம வெச்சிருக்கிற புத்தி மட்டும் என்கிட்டேர்ந்து வேண்டாம்னு எழுது."

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா