வெள்ளி இரவு, மணல்மேட்டில்

கடிதம் எண் 41
மஸ்கட், அல்குவைர்
ஞாயிற்றுக்கிழமை, 4 நவம்பர் 2007
காலை 9.20 மணி

பெருமதிப்பிற்குரிய நண்பர் குஸைப் பின் ஹமூத் அவர்களுக்கு,

ஸலாம். தாங்களும் தங்கள் மகள் ஷைக்காவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்களது சென்ற கடிதத்தில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையும் மங்கலாயிருந்ததால், அக்டோபர் மூன்றாம் வாரம் என்று ஊகித்துக் கோப்பில் சேர்த்தேன். வானிலை அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் அமர்ந்து அத்தனை ஆண்டுகள் மழையளவு குறித்த ஒருவர், தேதியின்றி எழுதுவதை இன்றுவரை என்னால் ஏற்க இயலவில்லை.

தாங்கள் மகளோடு வாழும் பிரிட்டனில், கார்டிஃப் நகரில் ஓய்வுபெற்றவர்கள் பூங்காவில் கூடி ரிமோட் டிரக் ஓட்டுவதாகவும், தாங்களும் ஒன்று வாங்கியதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்தபோது சிரித்தேன். பின்பு பவ்ஷர் மணல்மேட்டுப் பக்கம் தற்செயலாகச் செல்ல நேர்ந்தது. அங்கேயும் வாரத்தில் ஒரு மாலை சிலர் கூடுகிறார்கள். முயல் அளவுள்ள வண்டிகள் மணலைச் சீய்த்துக்கொண்டு மேட்டில் ஏறுகின்றன. ஒருவருடைய வண்டி கவிழ்ந்தால் மற்றவர் ஓடிப்போய் நிமிர்த்துகிறார். நான் தொழுகை முடிந்து காலாறப் போனவன், இருட்டிய பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

தங்களிடம் மறைப்பதற்கில்லை. என் மனைவி மறைந்து, பிள்ளைகளும் அவரவர் வீடு சென்றபின், அந்தி மக்ரிப் தொழுகைக்கும் இரவு இஷாத் தொழுகைக்கும் இடைப்பட்ட பொழுது இந்த வீட்டில் மிக நீண்டதாக இருக்கிறது.

மறுநாள் ரூவியில் இதற்கென உள்ள கடைக்குச் சென்றேன். கடைக்காரர் பெயர் ஷம்பே, பலூச்சி இனத்தவர்.

"பேரனுக்கா பெரியவரே? எத்தனை வயசு?" என்றார்.

"அறுபத்தெட்டு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "அப்ப பொம்மைக் கடை வண்டி வேணாம். அது உடைஞ்சா குப்பைதான். இது உடைஞ்சா ஒரு திருகாணி, ஒரு பல்சக்கரம் மாத்திக்கிட்டு ஓட்டலாம். ஆனா ஒண்ணு சொல்லுங்க. எண்ணெயில ஓடுறதா, பேட்டரியா? கட்டி வந்ததா, நீங்களே கட்டுறதா? ரெண்டு சக்கரம் இழுக்கணுமா, நாலுமா?"

இவ்வளவு கேள்விகளுக்கு விடை தெரிந்திருந்தால் நான் ஏன் கடைக்கு வருகிறேன்? ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். தாங்கள் அனுபவசாலி. முதல் வண்டி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதியருள வேண்டுகிறேன்.

தங்கள்,
ஸஹ்ரான் பின் கல்ஃபான்

இணைப்பு: கடைக்காரர் தந்த விளக்கத்தாளின் நகல், ஒன்று.


கார்டிஃப்
நவம்பர். தேதி? நீயே ஊகித்துக்கொள்.
மழையளவு: போதும் போதும் என்கிற அளவு.

அடே ஸஹ்ரான்,

'எழுதியருள' வேண்டுமாம். உன் கடிதத்தைப் படித்தால் நான் யாரோ அமைச்சர் என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

சொல்கிறேன், கேள். எண்ணெய் எஞ்சின் வேண்டாம். சத்தம், புகை, ஆயிரம் திருகல். அதை மயக்கித் தாலாட்டிக் கிளப்புவதற்குள் இருட்டிவிடும். பேட்டரி வண்டி வாங்கு. கட்டி வந்ததையே வாங்கு. உன்னிடம் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு திருகாணிக்கும் எண் போட்டு அடுத்த ரமலானில்தான் முடிப்பாய். மணலுக்கு நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், டயர் பெரிதாக இருக்க வேண்டும். வேகத்தில் மயங்காதே. ஷம்பே சிவப்பாக ஒன்றைக் காட்டுவான், அதுதான் எல்லாவற்றிலும் வேகம் என்பான். அதை வாங்கியவன் எல்லாம் முதல் நாளே சுவரில் மோதியவன். முக்கியமானது இது: எந்த வண்டிக்கு அவன் கடையிலேயே உதிரி கிடைக்கிறதோ, அதுவே உனக்கு நல்ல வண்டி. உலகத்திலேயே சிறந்ததை வாங்கிவிட்டு ஒரு அச்சுக்காக இரண்டு மாதம் காத்திருந்தவன் நான்.

இன்னொன்று. வண்டி உன்னை விட்டுப் போகும்போது சுலபம். உன்னைப் பார்த்துத் திரும்பி வரும்போது இடம் வலமாகிவிடும், வலம் இடமாகிவிடும். எல்லாரும் அங்கேதான் முட்டுவார்கள். நீ வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு திருப்பு.

இனி என் விஷயம். மஸ்கட்டில், முத்ராவில் பூட்டிக்கிடக்கும் என் வீட்டை விற்றுவிடச் சொல்கிறாள் ஷைக்கா. "அப்பா, அங்க யாரு இருக்கா? ஒரு பூட்டைப் பாத்துக்க ஒரு வீடு எதுக்கு?" என்கிறாள். இங்கே என் கூட்டாளிகள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு அந்த நகைச்சுவை புரிகிறது.

ஜனவரி கடைசியில் வருகிறேன். இறங்கியதும் நேரே இப்ரா ஊரில் தங்கை வீடு. சனிக்கிழமை ராத்திரி திரும்ப விமானம். நடுவில் ஒரு மாலை உன்னோடு மணலில் ஓட்ட வேண்டும். என் வண்டியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன். வாரம் ஒரு மாலை எனக்கு அங்கே ஆள் உண்டு என்று தெரிந்தால் வீட்டை விற்க மாட்டேன், மஸ்கட்டுக்கே திரும்பிவிடுவேன். இல்லையென்றால் சனிக்கிழமை காலை கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவேன். அவ்வளவுதான் கணக்கு.

சந்திக்கும் நாளை நீ குறி. நீ குறித்த நாளைச் சூரியனே மீறாது. தொலைபேசியெல்லாம் வேண்டாம். அதில் நீ பேசினால் புயல் எச்சரிக்கை வாசிப்பது போல இருக்கும்.

உன் குஸைப்


கடிதம் எண் 42
மஸ்கட், அல்குவைர்
செவ்வாய்க்கிழமை, 11 டிசம்பர் 2007
இரவு 7.05 மணி

பெருமதிப்பிற்குரிய நண்பருக்கு,

ஸலாம். தங்கள் அறிவுரைப்படியே வண்டி வாங்கிவிட்டேன். பேட்டரி, கட்டி வந்தது, நாலு சக்கர இழுவை, நிறம் சாம்பல். ஷம்பே சிவப்பு வண்டியைக் காட்டத்தான் செய்தார். "இது பறக்கும் பெரியவரே," என்றார். "பறப்பது எனக்குத் தேவையில்லை. உதிரி எதற்கு அதிகம் வைத்திருக்கிறீர்கள்?" என்றேன். அவர் சிவப்பு வண்டியைப் பெட்டியில் வைத்துவிட்டு, "யாரோ நல்லா சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க," என்றார். தங்கள் பெயரைச் சொன்னேன்.

மணல்மேட்டில் கூடுபவர்களுள் யஹ்யா என்பவர் வங்கி ஊழியர், வாய் ஓயாதவர். என்னைப் பெரியப்பா என்றழைக்கிறார். முதல் மாலை என் வண்டி நேராகச் சென்றது, அழகாக ஏறியது. திரும்பி வரும்போது தாங்கள் எச்சரித்தவாறே இடமும் வலமும் மாறின. வண்டி என் முழங்காலுக்குக் கீழே மோதி என்னையே மணலில் உட்காரவைத்தது.

"பெரியப்பா, வண்டியை நீங்க ஓட்டுறீங்களா, வண்டி உங்களை ஓட்டுதா?" என்றார் யஹ்யா.

"இருவருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

வீடு திரும்பிச் சக்கரங்களில் சிக்கிய மணலைத் தூரிகையால் நீக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பதிலை ஒருவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அறையில் யாருமில்லை. எனவே இங்கு எழுதுகிறேன்.

தங்கள் வருகை குறித்து. முஹர்ரம் மாதம் பதினாறு, வெள்ளி இரவு, மக்ரிப் தொழுகை முடிந்ததும், பெரிய மேட்டின் கிழக்கு அடிவாரத்தில் சந்திப்போம். நமக்குள் ஆங்கிலத் தேதி எதற்கு? பிறை ஒரு நாள் முன்பின்னாகத் தெரிந்தாலும் கிழமை மாறாது, வெள்ளி இரவுதான். ஐயத்திற்கு இடமிராது என்று நம்புகிறேன். தாங்கள் வருவதை எல்லாரிடமும் தெரிவித்துவிட்டேன். யஹ்யா தம் வீட்டிலிருந்து கஹ்வாக் காப்பியும் ஹல்வாவும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டைப் பற்றி நான் கருத்துச் சொல்வது முறையாகாது. அந்த மாலை தாங்களே பார்த்து முடிவெடுங்கள்.

தங்கள்,
ஸஹ்ரான் பின் கல்ஃபான்

இணைப்பு: மணல்மேட்டுக்கு வழிகாட்டும் வரைபடம், ஒன்று. வடதிசை குறிக்கப்பட்டுள்ளது.


கார்டிஃப்
புதன்கிழமை, 6 பிப்ரவரி 2008

ஸஹ்ரான்,

இந்த முறை தேதி போட்டிருக்கிறேன்.

நான் வந்தேன். ஷைக்கா வீட்டு நாட்காட்டியில் முஹர்ரம் பதினாறு எந்த நாள் என்று பார்த்து, அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை. இப்ராவிலிருந்து மத்தியானமே கிளம்பி, மக்ரிபை வழியில் உள்ள பள்ளியில் தொழுதுவிட்டு, நீ வரைந்த படத்தைப் பார்த்துப் பார்த்து அந்த அடிவாரத்துக்கே வந்து நின்றேன்.

ஒரு ஆள் இல்லை. மணலில் டயர்த் தடங்கள் மட்டும் நிறையக் கிடந்தன. என்னைக் கூட்டிவந்த டாக்சிக்காரன் கண்ணாடியை இறக்கிக் கேட்டான், "வியாழன், வெள்ளி லீவு முடிஞ்சுது, நாளைக்கு எல்லாருக்கும் ஆபீஸு. இந்நேரத்துக்கு இங்க யாரு வருவா பெரியவரே? தப்பான எடத்துக்கு வந்துட்டீங்களோ?" என்று.

"எடம் சரிதாம்ப்பா. கொஞ்சம் இரு, வந்துடுவான்," என்றேன்.

காத்திருந்தேன். பிறகு வெறுமனே நிற்பானேன் என்று வண்டியை எடுத்து ஓட்டினேன். நன்றாகத்தான் ஏறியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கவிழ்ந்துவிட்டது. நானே ஏறிப்போய் நிமிர்த்தினேன். பேட்டரி தீர்ந்ததும் கிளம்பிவிட்டேன். டாக்சிக்காரன் பாவம், வழியெல்லாம் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தான்.

உனக்கு உடம்பு சரியில்லையோ என்று முதலில் பயந்தேன். ராத்திரி உன் வீட்டு வழியாகவே போகச் சொன்னேன். முன்னறையில் விளக்கு எரிந்தது. சன்னலில் உன் தலை தெரிந்தது, குனிந்து ஏதோ வேலை செய்துகொண்டிருந்தாய். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

வேறு யாராக இருந்தாலும் மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பேன். நீ மறக்கிறவன் இல்லை. நாள் தவறுகிறவனும் இல்லை. அப்படியென்றால் நீ வர வேண்டாமென்று இருந்துவிட்டாய் என்று மட்டும்தான் பொருள். நான் திரும்பி வந்து உன் மாலைகளில் உட்கார்ந்துகொள்வது உனக்குப் பாரமாகத் தெரிந்திருக்கலாம். அதைச் சொல்ல உன் மரியாதை இடம் கொடுத்திருக்காது. கோபமில்லை.

சனிக்கிழமை காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாங்கியவர் நல்ல குடும்பம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குஸைப்


கடிதம் எண் 43
மஸ்கட், அல்குவைர்
சனிக்கிழமை, 16 பிப்ரவரி 2008
மாலை 5.40 மணி

பெருமதிப்பிற்குரிய நண்பருக்கு,

ஸலாம். தங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. இதுவரை மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

வெள்ளி இரவு என்பது வியாழக்கிழமை சூரியன் மறைந்ததும் தொடங்குவது. பிறைக் கணக்கில் இரவு முன்னது, பகல் பின்னது. நம் வீடுகளில் என்றும் அப்படித்தான் சொல்லிவந்தோம். தங்கள் தாயார் வெள்ளி இரவு தவறாமல் குர்ஆன் ஓதுவார் என்று தாங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். அது வியாழன் மாலைதான் என்பது தங்களுக்கு நினைவிருக்கும். நான் அந்த வியாழன் மாலை அடிவாரத்தில் இருந்தேன்.

வாகன விளக்கு தெரியும்போதெல்லாம் எழுந்து நின்றேன். யஹ்யா, "உக்காருங்க பெரியப்பா. ஒவ்வொரு காருக்கும் எழுந்தா முழங்கால் என்னத்துக்கு ஆகும்? சீமைக்காரரு, வழி தெரியாம சுத்துறாரு போல," என்றார். "வரைபடம் அனுப்பியிருக்கிறேன்," என்றேன். கடைசியில் அவர் ஹல்வாவைப் பிரிக்காமலே என் கையில் கொடுத்து, "நாளைக்கு வீட்டுக்கு வந்தாருன்னா குடுங்க," என்றார். தாங்கள் வீட்டை விற்பதென்று முடிவு செய்துவிட்டீர்கள், என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். வற்புறுத்துவது நாகரிகமன்று என்று இப்ராவுக்குத் தொலைபேசி செய்யாதிருந்தேன்.

மறுநாள் மாலை, தாங்கள் சன்னலில் கண்டது என்னைத்தான். வண்டியின் சக்கரங்களைக் கழற்றி, இனி இது எதற்கு என்று பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு வாகனம் மெதுவாகச் செல்லும் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

முறைப்படி ஆராய்ந்தால் நான் குறித்தது பிழையன்று. நாட்காட்டியைப் பார்த்த தாங்களும் பிழை செய்யவில்லை. காலை முழுவதும் இதையே எனக்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன். நிரூபித்து முடித்தபோது நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். வீட்டில் அதைக் கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

பிற்பகல் முத்ராவுக்குச் சென்றேன். தங்கள் வீட்டுக் கதவுக்குப் பச்சைப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்றவர், "யாரைத் தேடுறீங்க?" என்றார். யாரையுமில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

என் வீட்டின் வெளிப்பக்கத்தில், விருந்தினருக்கென்று கட்டி எவரும் தங்காத ஓர் அறை உண்டு. அதற்குத் தெருவைப் பார்த்துத் தனிக் கதவு. குளியலறை இணைந்தது. தாங்கள் என் பொழுதில் பாரமாக உட்காருவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொழுது எவ்வளவு நீளமென்று தாங்கள் அளந்ததில்லை.

வந்து தங்கு, குஸைப்.

இம்முறை நாள் குறிக்கவில்லை. எந்தக் கிழமையானாலும், பகலானாலும் இரவானாலும், நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன்,
ஸஹ்ரான்

இணைப்பு:
1. வெளிப்பக்க அறையின் அளவுப் படம், ஒன்று. கட்டில் சன்னலை ஒட்டிப் போடப்பட்டுள்ளது, பிடிக்காவிட்டால் நகர்த்தலாம்.
2. அவ்வறையின் சாவி, ஒன்று. இதற்கு மாற்றுச் சாவி இல்லை.