ஜன்னல் பக்கத்து இடம்

மே 18, 1959. திங்கள்

காற்றே இல்லை. கத்திரி வெயில். மாடியில் வடாம் காய்கிறது, காக்காய் ஓட்டும் வேலை எனக்கு. அதற்கு ஒரு கண் போதும். படிக்கத்தான் போதவில்லை. வரிக்குக் கீழே போஸ்ட் கார்டை வைத்து நகர்த்தி நகர்த்தி, நாலு பக்கத்துக்குள் தலைவலி. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும், ஈரத் துணிக்குப் பின்னால் விளக்கு மாதிரி.

ஸ்கூலிலிருந்து ஆள் வந்தது. ஜூனில் திறக்கும்போது நான் வராவிட்டால் வேறு டீச்சர் போட்டுவிடுவார்களாம். வருவேன் என்று சொல்லி அனுப்பினேன். எப்படி? பஸ்ஸில்தான் போக வேண்டும். மாசியில் பஸ் ஜன்னல் வழியே அந்தக் கல் வந்து கண்ணில் பட்டதிலிருந்து பஸ்ஸே ஏறவில்லை. டாக்டரிடம்கூட ஜட்காவில்தான். போன வாரம் ஸ்டாப் வரை போய், ஹாரன் கேட்டதும் திரும்பிவிட்டேன். அம்மாவிடம், குடையை மறந்துவிட்டேன் என்று பொய்.

மே 20

நன்னடத்தை அதிகாரி வந்தார். அருளப்பன் சார், பாலக்கரைக்காரர். கல்லெறிந்தவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் இவர் கண்காணிப்பில் விட்டிருக்கிறது கோர்ட். மோர் குடித்துக்கொண்டு அப்பாவிடமே பேசினார். கடைசியில்தான் என் பக்கம் திரும்பினார். அவனைப் பார்க்கச் சம்மதமா? கேட்க வேண்டியதைக் கேட்கலாம். இஷ்டமில்லை என்றால் வேண்டாம். இது சட்டத்தில் இல்லை, அவராகச் செய்வது.

சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

கேட்க வேண்டியவை:
ஏன்?
என் முகம் தெரிந்ததா?
ஓடினாயா, நின்றாயா?
அன்றைக்குச் சாப்பிட்டாயா?

மே 23

வந்தான். பெயர் தங்கராசு. திருவானைக்காவல். அரியமங்கலத்தில் பட்டறை வேலை. என்னைவிடச் சின்னவனாக இருக்கலாம். இவ்வளவு ஒல்லியாக நான் நினைத்திருக்கவில்லை.

ரேழியில் நின்றான். நான் கூடத்திலிருந்து வருவதற்குள் அப்பா காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான். காலில் விழுந்தவரை வாழ்த்தாமல் இருக்க அப்பாவுக்குத் தெரியாது. கை தானாக எழும்பியது. "க்ஷேமமா இருப்பா."

அவ்வளவுதான், முடிந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் முகம் கழுவினவன் மாதிரி வெளியே போனான். வாசல் தாண்டும்போது ஒரு பார்வை, என் முகத்தை அல்ல, புடவைக் கரையை.

அம்மா: "விழுந்து சேவிச்சுட்டான், பெருமாள் பாத்துப்பார். இனிமே நீ அதை நெனைக்காதே. ஒரு ஜாதகம் வந்திருக்கு. கண்ணைப் பத்தி நாமளா வாயைத் திறக்க வேண்டாம்."

கண் என்னுடையது. மன்னித்தது அப்பா.

மே 25

புழுக்கம். வாயைத் திறந்தால் சண்டை. எத்தனை நாவல்களில் மன்னிப்பு படித்திருக்கிறேன். யாரோ அழுவார்கள், அத்தியாயம் முடியும். மறுநாள் காலையில் காப்பி ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டதாக யாரும் எழுதவில்லை.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவன் என்னிடம் ஒன்றுமே பேசவில்லை என்று. அப்பாவுக்குக் கோபம். "விழுந்தவனை உதைக்கச் சொல்றியா?"

"எழுப்பி உக்கார வைக்கச் சொல்றேன்."

மேல்துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. பாலக்கரைக்குப் போய் அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வந்ததும் கால் கழுவிக்கொண்டே, "சனிக்கிழமை வரச் சொன்னார். நான் வெளியிலே உக்காந்துக்கறேன்" என்றார்.

மே 30

அருளப்பன் சார் வீடு. மூன்று நாற்காலி. தங்கராசு மறுபடி குனியப் பார்த்தான், சார் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஏன் என்றேன்.

டிரைவர் மேல்தான் எறிந்தானாம். இன்னொரு நாள் லேட்டானால் வேலை கிடையாது என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். கை காட்டுகிறான், பஸ் நிற்காமல் போகிறது.

"முகம்லாம் தெரியலீங்க. உங்க சத்தம்தான் கேட்டுச்சு. பஸ் நின்னுச்சு." விரலைப் பார்த்துக்கொண்டு, "அப்பத்தாங்க நின்னுச்சு."

ஓடவில்லையாம். கால் வரவில்லையாம்.

இந்தக் கண்ணைப் பார் என்றேன். பார்த்தான். போஸ்ட் கார்டு, காப்பி, ஜாதகம், ஸ்கூல், ஹாரன் எல்லாம் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே அப்பா இருமினார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

அவனும் பஸ் ஏறுவதில்லை. கண்டக்டர்கள் முகம் தெரிந்துகொண்டு இறக்கிவிடுகிறார்களாம். அரியமங்கலத்துக்கு நடை.

"நான் என்னங்க செய்யணும்?"

இதுவரை எல்லோரும் அவன் என்ன செய்யக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஜட்காவுக்கு எழுந்தபோதுதான் தோன்றியது. என்னோடு அந்த பஸ்ஸில் ஒரு தடவை வா என்றேன்.

கோபம் போய்விட்டதா? இல்லை. ஆனால் இப்போது அதற்கு ஒரு முகம் இருக்கிறது, பட்டறைக் கரி படிந்த நகத்தோடு. முகமில்லாத பழைய கோபமே சுமக்க லேசாக இருந்தது.

ஜூன் 3

காலையில் ஒரு வாய் மோர்.

ஸ்டாப்பில் அவன், சார், அப்பா. அப்பா ஏறவில்லை. கண்டக்டர் தங்கராசுவைப் பார்த்ததும் கையைக் குறுக்கே நீட்டினார். "இவனா? இவனை ஏத்துனா வண்டிக்கு ஆகாது. எறங்குடா."

"அவர் என்னோட வர்றார்" என்றேன். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

சீட்டில் நடைவழி ஓரமாக உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் காலி. தங்கராசு கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். சார் பின்னால். திருவானைக்காவல் தாண்டினதும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். மாம்பழச்சாலை.

"அந்தப் புளியமரத்துக்கிட்டதாங்க நின்னேன்." மெதுவாக, எனக்கு மட்டும்.

பஸ் நின்றது. கை காட்டினவர்களுக்கெல்லாம் நின்றது. கூடையோடு ஒரு அம்மாள் ஏறி, என் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தாள்.

"தள்ளி உக்காருங்கம்மா."

ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தேன். தங்கராசு சட்டென்று கை நீட்டி ஜன்னல் படுதாவை இறக்கப் போனான்.

"வேண்டாம், இருக்கட்டும்."

பாலம். ஆற்றில் மணல்தான், காற்று மட்டும் ஜன்னல் வழியே வந்தது.