இரண்டு வருடத்துக்கு என்று எடுத்த சின்னப் பெட்டி

அண்ணே,

இன்று காலை பஸ் பார்சலில் உங்கள் கம்ப்யூட்டர் என் கடைக்கு வந்து சேர்ந்தது. அண்ணி அதைப் பழைய துண்டில் சுற்றி, நாலு பக்கமும் சணல் போட்டுக் கட்டி அனுப்பியிருந்தார். அவிழ்த்ததும் விபூதி வாசம் அடித்தது. டிவிக்குக் கீழே, நீங்கள் இருந்தவரை தினமும் விபூதி எடுத்த தட்டுக்குப் பக்கத்தில்தானே அது இருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே விசிறி இறக்கை முழுக்க வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பிரஷால் தட்டினேன், தும்மல் வந்தது. அதற்குப் பிறகு அழுகையும் வந்தது. நல்லவேளை, கடையில் அப்போது யாரும் இல்லை.

கூடவே அண்ணி எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. "ரொம்ப மெதுவா ஓடுதுங்க பாய். என்னன்னு பாருங்க." பார்க்க என்ன இருக்கிறது? என்ன குறை என்று எனக்கு நாலு வருடமாகத் தெரியும். குறை அந்தப் பெட்டியில் இல்லை.

நீங்கள் அதை வாங்க வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சேலத்தில் டயாலிசிஸ் முடிந்ததும் வாரம் இரண்டு தடவை என் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவீர்கள். அம்மாபேட்டைச் சந்துக்குள் கார் வராது என்பதால் முக்கிலிருந்து நடந்து வருவீர்கள், வந்ததும் ஃபேனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வீர்கள். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சொந்தமாக இரண்டு வண்டி வைத்த பிறகும் வடநாட்டு லோடு என்றால் நீங்களே ஸ்டியரிங் பிடித்தவர். உடம்புக்கு முடியாமல் போனதும் ஜேடர்பாளையத்து வீட்டில் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"டிவில மாட்டற மாதிரி சின்னதா ஒரு கம்ப்யூட்டர் வேணுமுங்க பாய். வெளிநாட்டுல இருக்கற புள்ளைய மூஞ்சியப் பாத்துப் பேசோணும். அப்பறம் அந்த மேப்பு இருக்குதில்ல, அதுல நான் போன ரோட்டையெல்லாம் ஒருக்காப் பாக்கோணும்" என்றீர்கள். "பெரிய பொட்டி வேண்டாமுங்க. ஊட்டுல ஒயரப் பாத்தாவே சண்டைக்கு வந்துருவா."

மேசையில் மூன்று மினி கம்ப்யூட்டர்களை வைத்தேன். ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தீர்கள். "ஏனுங்க, சோத்து டப்பா கூட இதவிடப் பெருசா இருக்கும். இதுல எஞ்சின் எங்கீங்க இருக்குது?" என்று சிரித்தீர்கள். உங்களுக்குப் புரியட்டும் என்று நானும் லாரிக் கணக்கிலேயே சொன்னேன். பிராசஸர்தான் எஞ்சின். மெமரி என்பது பாடியின் நீளம், ஒரே நேரத்தில் எவ்வளவு லோடு ஏற்றலாம் என்பது அதைப் பொறுத்தது. கரண்டு அதிகம் குடிக்காது, அதனால் மைலேஜ் பிரமாதம். நீங்கள் பழைய வண்டி வாங்கப் போனவர் மாதிரி மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். ஸ்பேர் கிடைக்குமா, வெயில் தாங்குமா, பின்னால் பாடி நீட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள்.

கடைசிக் கேள்வி சரியான கேள்வி. முதல் பெட்டியில் மெமரி நாலு ஜிபி, போர்டிலேயே பற்றவைத்தது, பிறகு கூட்டவே முடியாது. நடுவில் இருந்ததில் எட்டு ஜிபி, கூடவே ஒரு ஸ்லாட் காலி, வேண்டும்போது இன்னொன்று சொருகிக்கொள்ளலாம். விலை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மூன்றாவது உங்களுக்குத் தேவையே இல்லை. நீங்கள் நடுவில் இருந்ததன் மேல் விரலை வைத்தீர்கள்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும், எத்தனை வருடத்துக்கு வேண்டும் என்று முதலில் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவேன். காலேஜ் பிள்ளைக்கு நாலு வருடம், ஆபீசுக்கு ஆறு வருடம். அதற்கு முந்தின வாரம்தான் அண்ணி போனில் அழுதிருந்தார். "டாக்டரு ரெண்டு வருசம்ங்கறாங்க பாய்" என்றார். எனக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்குச் செலவை மிச்சம் பிடித்துத் தருகிற பெரிய மனுஷத்தனம் வேறு. முதல் பெட்டியை உங்கள் பக்கம் நகர்த்தி, "உங்களுக்கு எதுக்குண்ணே அது? ரெண்டு வருஷத்துக்கு இதுவே தாராளம்" என்றேன்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு, "ரெண்டு வருசமுங்களா? செரி, அதையே கட்டுங்க பாய்" என்று எழுந்துகொண்டீர்கள். டீ சொல்லியிருந்தேன், குடிக்காமலே போனீர்கள்.

இரண்டு வருடம் தாண்டிய கோடையில் நீங்கள் போன் பண்ணினீர்கள், படம் நின்று நின்று வருகிறது என்று. நானே ஜேடர்பாளையம் வந்தேன். வந்து பார்த்தால் பெட்டியின் மேல் இருந்த பாலித்தீன் உறையே பிரிக்கப்படவில்லை. ஒயர் நுழைய மட்டும் பிளேடால் ஓட்டை போட்டிருந்தீர்கள். புது வண்டி சீட்டின் பாலித்தீனைக் கிழிக்காமல் வருடக்கணக்கில் அதன் மேலேயே வியர்த்து உட்கார்ந்து ஓட்டுகிற ஊர்க்காரர் அல்லவா நீங்கள். "ஏண்ணே, இது மூச்சு விட வேண்டாமா? உள்ள வெந்து போயிருக்கு பாருங்க!" என்று கத்தினேன். அண்ணி உள்ளேயிருந்து, "நல்லாச் சொல்லுங்க பாய், நான் சொன்னா எங்க கேக்கறாரு" என்றார்.

அந்த உறையைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களிடம் சொல்லவில்லை. கோளாறு அதுதான், என்மேல் தப்பில்லை என்று ஆசை ஆசையாகக் கிழித்தேன். சூடு குறைந்தது. வேகம் வரவில்லை. மேப்பில் நீங்கள் நாக்பூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தீர்கள். திரையில் சாலை பாதி வந்து, மீதி சாம்பல் கட்டங்களாக நின்றது. நீங்கள் மவுசை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தீர்கள். இன்னும் ஒரு ஜிபி, இரண்டு ஜிபி மெமரி இருந்திருந்தால் போதும், அந்தச் சாலை தடையில்லாமல் ஓடியிருக்கும்.

"வேற மாத்திக் கொடுத்துடறேண்ணே, என் செலவு" என்றேன். "அட உடுங்க பாய். லோடு ஏத்த மூணு நாள் காத்துக் கெடந்தவனுக்கு இது ஒரு காத்திருப்புங்களா? நீங்க ரெண்டு வருசம்னு சொன்னீங்க. மூணாவது வருசம் அதும் ஓடுது, நானும் ஓடறேன்" என்று கண்ணடித்தீர்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்க்கவில்லை, அதையும் விட்டேன்.

இன்று மத்தியானம் அண்ணிக்குப் போன் செய்தேன். இதற்கு மெமரி ஏற்ற முடியாது, புதுசு ஒன்று அனுப்புகிறேன் என்றேன். நீங்கள் போன பிறகு அவருக்கும் அந்த மேப்தான் பொழுதுபோக்காம். "அவரு என்னைய ஒருக்காக்கூட வண்டில கூட்டிட்டுப் போகலீங்க. இப்ப நானே போறேன். நேத்து ஐதராபாத் தாண்டிட்டேன்" என்றார். அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் எந்தக் கணக்கில் அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அண்ணி சொன்னார். "தெரியுமுங்க பாய். டாக்டரு சொன்னத நான் அவருகிட்டச் சொல்லவே இல்லீங்க. உங்க கடைல இருந்து வந்தவரு சாயங்காலம் சோறு திங்கல. பாயி ரெண்டு வருசம்ங்கறாரு, நீ எதோ மறைக்கற, சொல்லுன்னு புடிச்சுகிட்டாரு. அப்பத்தாஞ் சொன்னேன்."

"என்னைத் திட்டியிருக்கலாமே அண்ணி" என்றேன்.

"நான் திட்டுனனுங்க. உங்களுக்குப் போன் போட்டு நாலு கேள்வி கேக்கறேன்னு எந்திரிச்சேன். அவருதாந் தடுத்துட்டாரு. பாய்க்கு இது தெரிஞ்சா நம்ம முன்னால வந்து நிக்கமாட்டாரு, எனக்கு அந்தக் கடையும் போயிரும்னாரு."

காலி ஸ்லாட் உள்ள பெட்டியையே அண்ணிக்கு எடுத்து வைத்திருக்கிறேன். உறையைக் கிழித்துத்தான் அனுப்புகிறேன். ஆனால் அதனால் எதுவும் சரியாகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் சாப்பிடாமல் படுத்தது ஒரு திங்கட்கிழமை. வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வழக்கம்போல் வந்தீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, "டீ சொல்லுங்க பாய், அன்னிக்குக் குடிக்காமப் போயிட்டேன்" என்றீர்கள். அதன் பிறகு நாலு வருடம், வாரம் இரண்டு டீ. உங்கள் நாட்களை எண்ணிச் சொன்னவன் எதிரிலேயே உட்கார்ந்து, ஒரு நாளும் அதை அவனுக்குக் காட்டிக்கொள்ளாமல் குடித்தீர்கள் அண்ணே.