இரைகிற பிக்கப்

பாளையங்கோட்டை
6 ஆகஸ்ட் 2024

அலெக்ஸ் அத்தானுக்கு,

அன்புள்ள என்று தொடங்கிப் பார்த்தேன், கை ஓடவில்லை. நம் பாப்பா நன்றாக இருக்கிறாள். கழுத்து நின்றுவிட்டது. அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். இதற்கு மேல் நல்ல சேதி இந்தக் கடிதத்தில் இல்லை.

உங்கள் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். நான் கூப்பிடும்வரை இங்கே வரவும் வேண்டாம். பேசினால் நடுவில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை கிட்டாரை எடுத்துப்போக உவரிக்கு வந்தேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து தொடவில்லை, விரல் நுனியெல்லாம் மெத்தென்று ஆகிவிட்டது, திரும்பப் பழக வேண்டும். நீங்கள் ஸ்பீக்கர் விஷயமாகத் தூத்துக்குடி போயிருந்தீர்கள். அத்தைதான் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். இங்கே வந்து திறந்தால், கம்பிகளுக்குக் கீழே இருந்து சத்தத்தை வாங்குகிற பிக்கப்புகளில் அடிப்பக்கத்தது என்னுடையது இல்லை. என் ஒற்றைச் சுருள் பிக்கப் இருந்த இடத்தில் கொழுத்த இரட்டைச் சுருள் ஹம்பக்கர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

பிக்கப்தான் கிட்டாருடைய தொண்டை என்று நம் இசைக்குழு தொடங்கிய நாளில் ஊரெல்லாம் சொன்னவர் நீங்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டு நான் தேர்ந்தெடுத்த பிக்கப் அது. சரி, மாற்றியதைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்று கிட்டாரின் மேல் தகட்டைக் கழற்றினேன். உள்ளே மரத்தை வெட்டியிருக்கிறீர்கள். உளி வழுக்கிய தழும்புகூட இருக்கிறது. வெட்டிய மரத்தை எதைக் கொண்டு ஒட்டுவது?

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று மாதமாக வாரந்தோறும் இங்கே வந்து என் கையால் காப்பி குடித்துவிட்டுப் போனீர்கள், அப்போதெல்லாம் வாயில் என்ன இருந்தது?

என் பழைய பிக்கப் எங்கே?

ஃபெமினா


உவரி
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஃபெமினாவுக்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் அன்புள்ள என்றே எழுதுகிறேன். பாப்பாவுக்கு என் முத்தங்கள். தடுப்பூசிக்குப் பிறகு காய்ச்சல் அடித்ததா என்று நீ எழுதவே இல்லை. நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு பிக்கப்புக்கா இவ்வளவு? போன வருஷம் நம் ஊர்த் திருவிழா மேடையை நினைத்துப் பார். சீரியல் விளக்கைப் போட்டதும் உன் கிட்டார் இரைய ஆரம்பித்தது. கூட்டத்தில் ஒருவன், "ஏலே, மைக்குக்குள்ள வண்டு பூந்துட்டு" என்றான். நீ கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாய். சவுண்ட் மிக்ஸர் முன்னால் நின்ற என்னைப் பார்த்துத்தான் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஒரு வருஷமாக நான் சுமக்கிறேன்.

இது இரட்டைச் சுருள். ஒன்றில் வருகிற இரைச்சலை மற்றது தின்றுவிடும். சத்தமும் கூடுதல். உள்ளே இடம் போதவில்லை, அதனால் கொஞ்சம் செதுக்கினேன். மேலே தகடு மூடிவிடும், யாருக்கும் தெரியாது. நீ வரும்போது ஆச்சரியப்படட்டும் என்றுதான் சொல்லாமல் வைத்தேன். நல்லது செய்தவனை இப்படி ஏசுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை.

பழைய பிக்கப் பத்திரமாக இருக்கிறது. கோபத்தை விட்டுவிட்டுப் போனைத் திற.

உன்
அலெக்ஸ்


பாளையங்கோட்டை
17 ஆகஸ்ட் 2024

அலெக்ஸ் அத்தானுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் ஒரு ராத்திரி இருந்தது, விட்டுவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, இவ்வளவு ஏசியிருக்க வேண்டாமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நினைப்புக்காக இப்போது என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

நேற்று சுப்ரஜா வந்தாள். என்னோடு கல்லூரியில் கீபோர்டு வாசித்தவள், டவுனில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கிறாளே, அவள்தான். ஜூன் மாதம் ஸ்ரீவைகுண்டத்தில் அவளுடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அதில் நம் குழு வாசித்த வீடியோவைக் காட்டினாள். என் கிட்டார் உங்கள் சித்தப்பா மகன் மரிய அந்தோணியின் தோளில் தொங்குகிறது. அவன் உயரத்துக்கு வாரை இறக்கிவிட்டிருக்கிறான். பிக்கப் மாறியிருக்கிறது. எனக்கு ஆச்சரியம் தருவதற்காகவா அவன் வாசித்தான்?

அவனுக்குப் போன் போட்டேன். பாவம், அவனுக்கு மறைக்கத் தெரியவில்லை. "மயினி, எனக்குச் சத்தம் பத்தலன்னு அண்ணன்தான் மாத்தித் தந்தாவ. நீங்க இனிம மேடைக்கு வரமாட்டியன்னு சொன்னாவளே" என்றான்.

நான் எப்போது அப்படிச் சொன்னேன்? ஆஸ்பத்திரியில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "திருவிழாவுக்கு நீதாம்ட்டி வாசிக்கணும்" என்று சொன்னது உங்கள் வாய்தானே? அன்றைக்கு உளியை வாங்கியாகிவிட்டதா, இல்லை அதற்குப் பிறகா?

இரைச்சல் என்று என்னிடம் கதை விட்டீர்கள். இன்னொருவன் கைக்குத் தோதாக என் கிட்டாரை வெட்டியிருக்கிறீர்கள். நீங்களே யோசியுங்கள், இதில் எது பெரிய பிழை என்று. எனக்கு யோசிக்கப் பொறுமை இல்லை.

ஃபெமினா


உவரி
23 ஆகஸ்ட் 2024

ஃபெமினாவுக்கு,

ஆமாம், சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஊர் ஊராக மேடைக்கு எப்படி வருவாய்? பாதிப் பாட்டில் அது அழுதால் கிட்டாரை யார் தலையில் வைத்துவிட்டு ஓடுவாய்? நான் சொல்லாவிட்டால் ஊர் சொல்லும். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். குழுவை நம்பி நாலு குடும்பம் இருக்கிறது. உன் விரல் பழகுகிற வரைக்கும் கல்யாண வீட்டுக்காரன் காத்திருக்கமாட்டான்.

உன்னிடம் நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. சொன்னால் இப்படித்தான் ஆடுவாய் என்று தெரியும்.

பழைய பிக்கப்பை மரிய அந்தோணிக்குக் கொடுத்துவிட்டேன். தன்னுடைய பழைய கிட்டாரில் போட்டிருக்கிறான். ஆனால் அவனுடைய அந்தக் கிட்டார் பெரிய மேடைக்கு ஆகாது. அடுத்த சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு உன் கிட்டார் வேண்டும், பஸ்ஸில் ஏற்றிவிடு. பாப்பா வளர்ந்த பிறகு நீயும் வா, அவன் பக்கத்தில் நின்று பின்னணிக்குக் கார்டு பிடி. யார் வேண்டாம் என்றது?

அலெக்ஸ்


பாளையங்கோட்டை
20 செப்டம்பர் 2024

அலெக்ஸ் அத்தானுக்கு,

நான் கிட்டாரை அனுப்பவில்லை, உங்களுக்குப் பதிலும் எழுதவில்லை. நீங்கள் என்ன செய்து அந்தச் சனிக்கிழமையைச் சமாளித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

முதலில் உங்கள் ஹம்பக்கரைக் கழற்றினேன். இத்துடன் பார்சலில் வருகிறது. பிறகு ஓட்டையைப் பார்த்துப் பார்த்து நாலு நாள் அழுதேன். அழுது முடித்து, பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு, மேலப்பாளையத்தில் கிட்டார் பழுது பார்க்கிற பீர் முகம்மது அண்ணன் கடைக்கு சுப்ரஜாவோடு போனேன். அந்த ஓட்டைக்குப் பொருந்துகிற மூன்று பிக்கப்புகளை ஒவ்வொன்றாக மாட்டி வாசித்துப் பார்க்க விட்டார்.

ஒன்றில் இரைச்சலே இல்லை. ஆனால் மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே மாதிரிதான் பேசியது. நான் கோபமாக இருக்கிறேனா இல்லையா என்று அதற்குக் கவலையே இல்லை. இன்னொன்று இனிமையாக இருந்தது, தடித்த கம்பிகளில் மட்டும் சேறு மாதிரி குழைந்தது. மூன்றாவது, ஹம்பக்கர் அளவிலேயே வருகிற பி-90. அகலமான ஒற்றைச் சுருள். விரலால் வருடினால் முணுமுணுக்கிறது, அறைந்தால் உறுமுகிறது. என் பழைய பிக்கப்புக்கு இந்த உறுமல் கிடையாது. எனக்கும் அப்போது கிடையாது. விளக்குக்குப் பக்கத்தில் போனால் இரையத்தான் செய்கிறது. தெரிந்துதான் எடுத்தேன். வீட்டில் நானே ஈயம் பற்றவைத்தேன்.

இனி உங்கள் குழுவுக்கு நான் வரமாட்டேன். மரிய அந்தோணி பக்கத்திலும் நிற்கமாட்டேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சுப்ரஜா ஒரு சின்னக் குழு சேர்த்திருக்கிறாள். அக்டோபர் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் களக்காட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. நான் வாசிக்கிறேன்.

பாப்பாவை என்ன செய்வாய் என்று உங்கள் அம்மாவும் ஊரும் கேட்பார்கள் அல்லவா? எனக்கு அதற்கு ஒரு வழிதான் தெரிகிறது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி, அவளால் அவ்வளவு தூரம் வர முடியாது. பிள்ளைக்கு அப்பா இருக்கிறார். நீங்கள் களக்காட்டுக்கு வந்து மண்டபத்தில் அவளை வைத்துக்கொள்ளுங்கள். பால் எடுத்து வைத்திருப்பேன். அழுதால் தோளில் போட்டு நடங்கள். மேடையில் இருந்து நான் இறங்கமாட்டேன்.

வராவிட்டால் அதையும் தெரிந்துகொள்வேன்.

ஃபெமினா


உவரி
26 செப்டம்பர் 2024

ஃபெமினாவுக்கு,

உன் கடிதத்தை ரெண்டு தடவை கிழிக்கப்போய் நிறுத்தினேன். நான் செய்தது தப்பு என்று அம்மாவிடம் சொன்னேன், அவள் இன்னும் என்னிடம் பேசவில்லை. உன்னிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. குழுவை விட்டு நீ போவது எனக்குப் பொறுக்கவில்லை, அந்தக் கோபம் ஆறவும் இல்லை.

ஆறாம் தேதி அதே நேரத்தில் எங்களுக்கும் ஒரு நிகழ்ச்சி இருந்தது. மிக்ஸரை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டேன். மூன்று மணிக்கே களக்காட்டில் இருப்பேன்.

எடுத்து வைத்த பாலை எப்படிச் சூடாக்குவது என்று எனக்குத் தெரியாது. அதை மட்டும் எழுது.

அலெக்ஸ்