ஆர்டர் பின்னால் வரும்

ஆகஸ்ட் 6, 2024
பஸ் டிப்போவுக்கு வந்திருக்கும் புது மேனேஜர் மஞ்சுநாத் இன்றும் கூட்டம் போட்டார். அரசு உத்தியோகம்தானே என்று தூங்காதீர்கள், இது உங்கள் சொந்தக் கம்பெனி, யோசனை சொல்லுங்கள், தப்பானால் நான் பொறுப்பு என்றார். என் கண்டக்டர் சர்வீசில் இப்படிக் கேட்ட முதல் அதிகாரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை எனக்கு. சாமராஜநகர் போகும் விடிகாலை முதல் பஸ்ஸில் பூக்காரம்மாக்களைக் கூடையோடு ஏற்றுவதில்லை. பின்சீட்டைக் கழற்றினால் அவர்களுக்கு இடம், நமக்கு வசூல் என்றேன்.
"சபாஷ் பாக்கியலட்சுமி. நாளைக்கே செய்யுங்க, ஆர்டர் பின்னால வரும்" என்றார்.

ஆகஸ்ட் 7
மெக்கானிக் தொட்டையனிடம் சொன்னேன். எல்லையோர ராமாபுரத்துப் பையன், இந்தக் கன்னட டிப்போவில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள். பேப்பர் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. "நீங்க சொன்னாப் போதும்க்கா" என்று ஸ்பேனரை எடுத்தான்.

செப்டம்பர் 20
வசூல் ஏறிவிட்டது. வசூலைக் கூட்டியவர் என்று கன்னடப் பேப்பரில் மேனேஜர் படம். என் பெயர் இல்லை. போகட்டும்.

அக்டோபர் 11
ஆயுத பூஜை. பூக்காரம்மாக்களே வந்து அந்த பஸ்ஸுக்கு மாலை போட்டார்கள். தொட்டையனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேனேஜரிடம் ஆர்டர் கேட்டேன் — "வரும், வரும்."

நவம்பர் 14
மேலிடத்து இன்ஸ்பெக்ஷன். அனுமதி இல்லாமல் சீட்டைக் கழற்றியது குற்றமாம். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமலே, "யார் கழட்டச் சொன்னது? எனக்குத் தெரியாது" என்றார்.
நீங்கதானே சார் சொன்னீங்க? பொறுப்பு நான்னு சொன்னது யாரு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.
பிறகு தனியாகக் கூப்பிட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் என் பிரமோஷனைப் பார்த்துக்கொள்வாராம்.

நவம்பர் 27
விசாரணையில் உள்ளதைச் சொன்னேன். அவர் சொன்னார், நான் சொன்னேன், தொட்டையன் கழற்றினான். பேப்பர் எங்கே என்றார்கள்.

டிசம்பர் 5
எனக்கு வெறும் எச்சரிக்கை. சஸ்பென்ஷன் தொட்டையனுக்கு. கழற்றியது அவன் கையாம். பாவி மனுஷன், இப்படியா கழுத்தறுப்பார்?

டிசம்பர் 6
தொட்டையன் போனை எடுக்கவில்லை.

ஜனவரி 30, 2025
மேனேஜருக்குப் பதவி உயர்வு, பெங்களூர். வசூலைக் கூட்டிய புதுமைக்கு விருது வேறு. வழியனுப்பு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைவலி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 3
தொட்டையன் வேலைக்குத் திரும்பிவிட்டான். இளைத்திருந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல், நஞ்சன்கூடு பஸ்ஸில் கண்ணாடி ஆடுகிறது, கொஞ்சம் முறுக்கிவிடு என்றேன். அவன் நகரவில்லை.
"எழுதிக் குடுங்க மேடம்."
குரலில் கோபம்கூட இல்லை.
எழுதிக் கொடுத்தேன்.